மனம் புதிதாகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல், தேவனுடைய நன்மையும் பிரியமும் பரிபூரணமுமான சித்தம் இன்னதென்று பகுத்தறியத்தக்கதாக, உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" (ரோமர் 12:2). வாலிபர் முகாம், உபவாசக் கூட்டம், திடப்படுத்தல் வகுப்பு என்று எங்கே போனாலும் இந்த வசனம் காதில் விழுகிறது. கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். திங்கட்கிழமை காலையில்தான் சந்தேகங்கள் எழும். வேதபாட வகுப்புகளிலும் வீட்டு ஜெபக் கூட்டங்களிலும் பலர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

நான் ஏற்கெனவே இரட்சிக்கப்பட்டவன். பிறகு எதற்கு மனம் புதிதாக வேண்டும்?

ரோமர் நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் இதைச் சொன்னதே உங்களைப் போன்றவர்களுக்குத்தான். 12ஆம் அதிகாரம் "சகோதரரே" என்றுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய பதினொரு அதிகாரங்களும் கிருபையைப் பற்றியவை. இரட்சிப்பு எப்படி வருகிறது என்று முழுவதும் சொல்லி முடித்த பிறகே மனம் புதிதாக வேண்டும் என்கிறார்.

மனந்திரும்பும்போது நாம் யாருக்குச் சொந்தம் என்பது மாறுகிறது. ஆனால் இருபது முப்பது வருஷமாக எதைக் கௌரவம் என்று நினைத்தோம், எதற்குப் பயந்தோம், யாரைக் கண்டால் எழுந்து நின்றோம், யாரை வாசலிலேயே நிறுத்திப் பேசினோம் என்பதெல்லாம் ஞானஸ்நானத் தண்ணீரிலேயே போய்விடுவதில்லை. அவை நம்மோடு சேர்ந்து கரையேறி வருகின்றன. சபையில் பாட்டுப் பாடவும் சாட்சி சொல்லவும்கூட அவை பழகிக்கொள்ளும்.

ரோமாபுரி சபையின் நிலைமையைப் பார்த்தால் இது தெளிவாகும். கி.பி. 49 வாக்கில் கிலவுதியு பேரரசன் யூதர்களை ரோமைவிட்டுப் போகச் சொன்னான். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துவுக்கு வந்தது அதனால்தான் (அப்போஸ்தலர் 18:2). 54இல் அவன் இறந்த பிறகு யூத விசுவாசிகள் ரோமுக்குத் திரும்பினார்கள். இடைப்பட்ட காலத்தில் புறஜாதியாரின், அதாவது யூதரல்லாத விசுவாசிகளின் கை அங்கே ஓங்கியிருக்க வேண்டும். 57 வாக்கில் கொரிந்துவிலிருந்து பவுல் கடிதம் எழுதுகிறபோது, மாமிசம் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடாதவர்களை அற்பமாக எண்ணுகிறார்கள். சாப்பிடாதவர்கள் மற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்க்கிறார்கள் (ரோமர் 14:3). எல்லாரும் இரட்சிக்கப்பட்டவர்கள்தான். ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வைதான் பழையதாகவே இருந்தது.

மனம் புதிதாகிக்கொண்டிருக்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

நம்மில் பலர் 12:2ஐ மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனத்தையும் படியுங்கள்: "உங்களில் எவனானாலும் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல்... தெளிந்த எண்ணமுள்ளவனாய் எண்ணவேண்டும்." மனம் புதிதாக வேண்டும் என்று சொன்ன மறுநொடியே, ஒருவன் தன்னைப் பற்றி எவ்வளவு உயர்வாக நினைக்கிறான் என்ற இடத்துக்குப் பவுல் வந்துவிடுகிறார். 16ஆம் வசனத்தில் அதையே இன்னும் கூர்மையாக்குகிறார்: "மேட்டிமையானவைகளைச் சிந்தியாமல், தாழ்ந்தவர்களுக்கு இணங்குங்கள்."

இந்தப் பக்கம் முழுவதும் நாங்கள் சொல்லவருவதும் இதைத்தான். புதிதான மனதை ஜெபத்தில் வரும் கண்ணீரை வைத்தோ, வேதத்தை எத்தனை முறை படித்து முடித்தோம் என்பதை வைத்தோ அளக்க முடியாது. நம்மை எந்த வரிசையில் உட்காரவைத்துக்கொள்கிறோம், அடுத்தவரை எங்கே உட்காரவைக்கிறோம் என்பதில்தான் அது முதலில் தெரியும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்தால் உங்கள் மனம் எந்த அளவுக்குப் புதிதாகியிருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் "கிறிஸ்து இயேசுவிலிருந்த சிந்தையே உங்களிலும் இருக்கக்கடவது" (பிலிப்பியர் 2:5) என்று சொன்னதும் பவுல் விவரிப்பது என்ன? தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்ததை. கிறிஸ்துவின் சிந்தை கீழே இறங்கிவரும் சிந்தை.

இது பாசிட்டிவ் திங்கிங் போன்றதா?

பெயரளவில் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். "நான் ஜெயிப்பேன், நான் தலையாவேன், வாலாகமாட்டேன்" என்று காலையில் பத்துமுறை சொல்லச் சொல்கிற பிரசங்கங்களும் இருக்கின்றன. அந்த முறையில் 'நான்' நடுவிலேயே இருக்கும். அதற்கு நல்ல சட்டை போட்டுவிடுவதோடு வேலை முடிந்துவிடும்.

பிலிப்பியர் 4:8இல் பவுல் தரும் பட்டியல் உண்மையுள்ளவைகளில்தான் தொடங்குகிறது. இன்பமானவையும் உற்சாகம் தருபவையும் முதலிடத்தில் இல்லை. ஆகவே கடன் இருந்தால் கடன் இருக்கிறது என்றே நினைக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டி என்று வந்திருந்தால் அது கட்டிதான். இந்த வரிகளை எழுதியவர் சிறையில் இருந்தார். தீர்ப்பு வாழ்வா சாவா என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவர் மறைக்கவும் இல்லை. உள்ளதை உள்ளபடி தேவனிடம் ஸ்தோத்திரத்தோடு கொண்டுபோகச் சொல்கிறார் (4:6).

இதைச் செய்வது தேவனா, நானா?

இரண்டு பேரும். "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற அதே வாக்கியத்தைத் தொடர்ந்து, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவன் என்கிறார் பவுல் (பிலிப்பியர் 2:12-13). எந்தப் பக்கம் எத்தனை சதவீதம் என்று சண்டைபோடுகிறவர்களை விட்டுவிட்டு, இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபிக்கிறேன். ஆனாலும் நான் மாறினதாகத் தெரியவில்லையே?

எப்படி வாசிக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். வேதத்தில் 1,189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வருஷத்தில் முடியும். இந்தக் கணக்கு நல்லதுதான். வேதத்தின் மொத்தப் பரப்பும் தெரியவரும். ஆனால் கணக்கை முடிப்பதே நோக்கமாகிவிட்டால், லேவியராகமத்தை ஓட்டமாக ஓடி முடித்து டிக் அடித்துவிட்டு எழுந்துவிடுவோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு: நமக்குப் பிடித்த வசனங்களை மட்டும் எடுத்துக்கொள்வது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அதில் "உன்னை ஆசீர்வதிப்பேன்" என்று வந்தால் சந்தோஷம். "உன் சத்துருவைச் சிநேகி" என்று அட்டை அச்சடித்த சபை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. மனதை மாற்றுகிற வசனம் பெரும்பாலும் நாம் தவிர்க்க நினைக்கிற வசனமாகவே இருக்கும்.

ஒரு யோசனை. மத்தேயு 5, 6, 7 மூன்று அதிகாரங்களிலும் சேர்த்து 111 வசனங்கள். ஒரு மாதம் அவற்றை மட்டும், சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். உறுத்துகிற வசனத்தில் நின்றுவிடுங்கள். அன்று மேற்கொண்டு போக வேண்டாம். அந்த வசனத்தை யாருடைய விஷயத்தில் கைக்கொள்ளாமல் இருக்கிறீர்களோ அவருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். சிறுவயதில் விடுமுறை வேதாகமப் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனங்கள் இன்றும் நினைவில் இருக்கிறதல்லவா? அந்தத் திறமை உங்களை விட்டுப் போகவில்லை. "உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்" (சங்கீதம் 119:11) என்று சொன்னவரிடம் கையில் பிடித்துக்கொள்ள போன் இல்லை.

வேலை, சமையல், பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். தனித்து உட்கார நேரமே இல்லை. என்ன செய்வது?

பதினேழாம் நூற்றாண்டில் பாரீஸில் ஒரு கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் இருந்தார். முன்பு போர்வீரராக இருந்தவர்; படிப்பு அதிகம் கிடையாது. மடத்தின் சமையலறைதான் அவருக்குக் கிடைத்த வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காது. ஆனாலும் ஒவ்வொரு வேலையையும் தேவனுக்காகச் செய்வது, நடுவில் அவரோடு பேசிக்கொள்வது, மறந்துவிட்டால் அலட்டிக்கொள்ளாமல் மறுபடி தொடங்குவது என்று பழகினார். ஜெபநேரமும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் நேரமும் தமக்கு ஒன்றுதான் என்று சொல்லும் நிலைக்கு வந்தார். பிடிக்காத வேலையில் இதைப் பழகினார் என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இரவில் ஐந்து பத்து நிமிஷம் ஒதுக்க முடியுமானால் இன்னொரு பழக்கம் இருக்கிறது. இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலா பதினாறாம் நூற்றாண்டில் தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியாரும் அந்தக் குழுவைச் சேர்ந்தவரே. அன்றைய நாளுக்காக நன்றி சொல்ல வேண்டும். உள்ளதைக் காண வெளிச்சம் கேட்க வேண்டும். காலையிலிருந்து நடந்ததை மணிக்கு மணி ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறியதற்கு மன்னிப்பு கேட்டு, நாளைக்கு எதைத் திருத்த வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். கத்தோலிக்கரின் பழக்கம் ஆயிற்றே என்று சி.எஸ்.ஐ.காரர்களோ பெந்தெகொஸ்தேக்காரர்களோ தயங்க வேண்டியதில்லை. "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்ற 139ஆம் சங்கீத ஜெபத்தைத்தான் இதில் செய்கிறோம். நாளை ஓட்டிப் பார்க்கும்போது "நான் என்ன பாவம் செய்தேன்" என்பதோடு "இன்று யாரைச் சின்னவராக நடத்தினேன்" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் முதல் நாளே பதில் கிடைத்துவிடும்.

ஆபாசப் படம், போனில் மூழ்கிக் கிடப்பது போன்ற பழக்கங்களை எத்தனையோ முறை விட்டும் திரும்ப வந்துவிடுகின்றன. ஏன்?

மத்தேயு 12:43-45இல் ஆண்டவர் சொன்னதைப் பாருங்கள். அசுத்த ஆவி வெளியேறிய வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தது. ஆனால் வெறுமையாக இருந்தது. அதனால் அந்த ஆவி வேறு ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பிவந்தது. 'இனிமேல் செய்யமாட்டேன்' என்ற தீர்மானம் வீட்டைப் பெருக்குவதோடு நின்றுவிடுகிறது. எபேசியர் 4இல் பவுல் களைவதைச் சொல்லும்போதெல்லாம் உடுத்துவதையும் சேர்த்தே சொல்கிறார். திருடினவன் திருட்டை விட்டால் போதாது. கைகளால் உழைக்க வேண்டும். இல்லாதவனுக்குக் கொடுக்கவும் வேண்டும் (4:28). எடுத்துப் பழகிய கை கொடுத்துப் பழகுகிறது.

நடைமுறைக்கு வருவோம். இரவு பத்து மணிக்கு மேல் போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். "துர்இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து" (ரோமர் 13:14) என்பதை இந்தக் காலத்தில் இப்படித்தான் கைக்கொள்ள முடியும். அடுத்தது, ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. நம் சபைகளில் இது கிட்டத்தட்ட செத்துப்போன கட்டளை. விஷயம் வெளியே போய்விடும் என்ற பயம் நியாயமானதுதான். எனவே வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் உங்கள் போதகராகத்தான் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

சபை வாட்ஸ்அப் குழுவில் வரும் செய்திகளைப் பகிர்வதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. உண்மையா என்று பார்க்காமல் அனுப்பினால் "அபாண்டமான சொல்லை ஏற்றுக்கொள்ளாயாக" (யாத்திராகமம் 23:1) என்பதை மீறுகிறோம். கடைசியில் "ஆமென் போட்டுப் பகிரவும்" என்று இருப்பதால் பொய் மெய்யாகாது. இன்னொரு மதத்தாரைப் பற்றியோ இன்னொரு சபையைப் பற்றியோ கோபம் மூட்டும் செய்தி வந்தால் இன்னும் ஒருமுறை யோசியுங்கள்.

வெளியில் எல்லாரிடமும் பொறுமையாக இருக்கிறேன். வீட்டுக்குள் வந்தால் கோபம் வருகிறதே?

வெளியில் எப்படிப் பொறுமையாக இருக்கிறீர்கள்? மேலதிகாரி திட்டினால் பல்லைக் கடித்துக்கொள்கிறீர்கள். அடக்க முடியாத கோபம் என்றால் அங்கேயும் வெடித்திருக்குமே. ஆகவே இங்கே பிரச்சினை கோபமல்ல. யாரிடம் கோபத்தைக் காட்டலாம், யாரிடம் காட்டக் கூடாது என்று மனம் ஒரு வரிசை வைத்திருக்கிறது. மனைவி, மருமகள், பிள்ளைகள், ஆட்டோக்காரர், கடைப்பையன் எல்லாரும் அந்த வரிசையில் நமக்குக் கீழே இருக்கிறார்கள். புதிதாக வேண்டியது அந்த வரிசைதான்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" (எபேசியர் 4:26) என்ற வசனத்தைக் கணவன் மனைவிக்குத்தான் பொருத்திச் சொல்வார்கள். அப்பா பிள்ளையிடம் மன்னிப்பு கேட்பதற்கும் அது பொருந்தும். நம் வீடுகளில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்பு கேட்பது வழக்கமில்லை. அன்றைக்கு இரவு கொஞ்சம் கூடுதலாகப் பாசம் காட்டி ஈடுகட்டிவிடுவார்கள். "அப்பா பேசியது தப்பு" என்று வார்த்தையாகச் சொல்லிப் பாருங்கள். தொண்டையில் எது வந்து அடைக்கிறதோ, ரோமர் 12:3 அதைப் பற்றித்தான் பேசுகிறது.

கிறிஸ்தவர்களான பிறகும் சாதி பார்க்கிறோமே. இதை மனம் புதிதாகுதலோடு சேர்த்துப் பேசலாமா?

தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை இதைப் பேசாமல் மற்றதையெல்லாம் பேசுவதில் அர்த்தமில்லை. "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷம்" என்றால் சினிமா, நகை, நாகரிக உடை என்றே பல தலைமுறைகளாகப் பிரசங்கித்துவிட்டோம். நம் பிரபஞ்சம் நமக்குத் தைத்துப் போட்ட முதல் வேஷம் சாதி. பிறக்கும்போதே போட்டுவிடுகிறார்கள், உடம்போடு ஒட்டிப்போய்விடுகிறது.

இது புதிய சண்டையும் அல்ல. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை முற்றாக விட்டுவிட வேண்டும் என்று எழுதி அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர், சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று விலகிப்போனார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரண்டு தனித்தனி மண்டபங்கள், நடுவே சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். 1910இல் குருவானவர் அந்தச் சுவரை இடித்தபோது விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் சுவர் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள் என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அந்தச் சுவர் போய்விட்டது. கல்யாண விளம்பரத்தில் அது இன்னும் நிற்கிறது. "தேவபக்தியுள்ள, மறுபடியும் பிறந்த" என்று எழுதிவிட்டு அதற்கு முன்னால் சாதிப் பெயரைப் போடுகிறோம். இரட்சிக்கப்பட்டிருப்பதைவிட அது முக்கியம் என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. கல்லறைத் தோட்டத்திலும் சபைத் தேர்தலிலும் சாதி எப்படி வேலை செய்கிறது என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேதுருவின் கதை நமக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கும். யோப்பாவில் தோல் பதனிடுகிற சீமோனுடைய மேல்வீட்டில் அவர் தரிசனம் கண்டார். "தேவன் சுத்தமாக்கினவைகளை நீ தீட்டாக எண்ணாதே" என்ற சத்தத்தைக் கேட்டார். செசரியாவில் கொர்நேலியு வீட்டுக்குப் போனார், "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று அறிக்கையிட்டார் (அப்போஸ்தலர் 10). மனம் மாறிவிட்டது, சாட்சியும் சொல்லியாகிவிட்டது. பிறகு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சொந்த ஜனத்தார் சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார் (கலாத்தியர் 2:11-14). பேதுருவின் உபதேசம் மாறவில்லை. 'நம்ம ஆட்கள்' என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் அவரை எழுப்பிவிட்டது. பவுல் இதை ஒரு சாப்பாட்டுப் பிரச்சினை என்று விடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ற நடையல்ல என்று எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அசனப் பண்டிகை நடக்கிறது. எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அருமையான வழக்கம். அந்தப் பந்தி முடிந்து வீட்டுக்குப் போனபின் யாருக்குப் பெண் கொடுப்போம், யாருக்குக் கொடுக்கமாட்டோம் என்ற பேச்சு வரும்போதுதான் அந்தியோகியா ஆரம்பிக்கிறது.

என்ன செய்யலாம்? பெற்றோர் என்றால், வரன் தேடும்போது சாதியைக் கேட்காமல் இருப்பதில் தொடங்குங்கள். உறவினர் கோபிப்பார்கள், பேதுரு பயந்ததும் அதற்குத்தான். கல்யாண வயதில் இருப்பவர் என்றால் உங்கள் முடிவை வீட்டில் முன்கூட்டியே, மரியாதையாகச் சொல்லிவையுங்கள். போதகர் என்றால் இதைப் பிரசங்கியுங்கள். காணிக்கை குறையும் என்றால் குறையட்டும்.

ஊழியமும் செய்கிறேன், வேலையில் எல்லாரும் வாங்குவதுபோல 'மேல்வரும்படி'யும் வாங்குகிறேன். தசமபாகம் அதிலிருந்தும் கொடுக்கிறேன்.

வரி வசூலிப்பவரான சகேயுவின் வீட்டில் ஆண்டவர் தங்கப்போனபோது சகேயு தசமபாகத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது இருந்தால் நாலத்தனையாகத் திரும்ப என்றார் (லூக்கா 19:8). தானாக அறிக்கையிட்டுத் திருப்பிக் கொடுக்கிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் நியாயப்பிரமாணம் சொல்லியிருந்தது (எண்ணாகமம் 5:7). சகேயு அதைத் தாண்டிப் போனார். "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று ஆண்டவர் சொன்னது இந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான். உங்கள் தசமபாகம் ஆண்டவருக்குத் தேவைப்படாது. பணத்தைக் கொடுத்தவருக்கு அது தேவைப்படும். 'அன்பளிப்பு' என்று பெயர் மாற்றிய வரதட்சணைக்கும் இதே பதில்தான்.

கிறிஸ்துவைப்போல ஆவது என்றால் யார் அடித்தாலும் வாங்கிக்கொண்டு அடங்கிப்போவதா?

இல்லை. இந்தத் தவறான போதனையால் நம் சபைகளில் பல பெண்கள் வதைபட்டிருக்கிறார்கள். "ஜெபம் பண்ணும்மா, அவர் மாறுவார்" என்று சொல்லி, அடிக்கிற புருஷனிடமே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

விசாரணையில் சேவகன் கன்னத்தில் அறைந்தபோது ஆண்டவர் சும்மா இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). பவுலைச் சாட்டையால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனை விசாரிக்காமல் அடிக்க உங்களுக்கு நியாயம் உண்டா என்று சட்டத்தைக் காட்டினார் (அப்போஸ்தலர் 22:25). தாழ்மை என்பது ஒருவர் தானாகத் தன்னைத் தாழ்த்துவது. இன்னொருவர் நம்மைத் தாழ்த்தி மிதிப்பதற்கு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. மன்னிப்பது வேறு, அடிபடும் வீட்டிலேயே தங்குவது வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண் இருக்கிறது. அதைப் பயன்படுத்துகிறவர் விசுவாசத்தில் குறைந்தவர் அல்ல.

மனச்சோர்வு, பதற்றம் இருப்பது மனம் புதிதாகவில்லை என்பதற்கு அடையாளமா?

அல்ல. எலியா கர்மேலில் அக்கினியை இறக்கினவர். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து சாக வேண்டும் என்று கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டார், தூங்கினார், மறுபடி சாப்பிட்டார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவரை அவிசுவாசி என்று நாம் சொல்வதில்லை. மனநோய்க்கு மருந்து எடுப்பவரை மட்டும் ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்? தூக்கமும் பசியும் பல வாரங்களாகக் கெட்டிருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், மருத்துவரைப் பாருங்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். ஜெபியுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

எவ்வளவு காலம் ஆகும்?

21 நாளில் பழக்கம் மாறிவிடும் என்று சொல்லி 21 நாள் உபவாசம் வைக்கிறவர்கள் உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரிடம் செய்து 2010இல் இதழில் வெளியான ஆய்வில், ஒரு சிறிய பழக்கம் தானாக வர சராசரி 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை என்று மதிப்பிட்டார்கள். மத்தியானம் ஒரு பழம் சாப்பிடுவது போன்ற பழக்கத்துக்கே அவ்வளவு நாள்.

அகுஸ்தீன் கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் ரோமர் 13:13-14ஐ வாசித்தார். அந்த நொடியில் சந்தேக இருள் நீங்கியது என்கிறார். அதே மனிதர் பத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின், பேராயராக இருந்துகொண்டு எழுதும்போது, பழைய வாழ்க்கையின் உருவங்கள் கனவில் இன்னும் வருகின்றன என்கிறார். மற்றவர்களின் புகழ்ச்சிக்குத் தன் மனம் இன்னும் ஆசைப்படுகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். இரண்டும் உண்மை. "மகிமையின்மேல் மகிமையடைந்து மறுரூபப்படுகிறோம்" (2 கொரிந்தியர் 3:18) என்பதே படிப்படியாக நடப்பதைத்தான் சொல்கிறது. நீங்கள் மாறியிருப்பது உங்களுக்குக் கடைசியில்தான் தெரியும். வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள், அவர்கள் முன்பே கவனித்திருப்பார்கள்.

பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித்தருவது?

குடும்ப ஜெபம் வையுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஆனால் பிள்ளைகள் அதிகம் கற்றுக்கொள்வது ஜெபத்துக்குப் பிறகு நடக்கும் பேச்சிலிருந்துதான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு மெடிக்கல் சீட் கிடைத்த செய்தி வரும்போது அம்மாவின் முகம் எப்படி மாறுகிறது என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள்" (ரோமர் 12:15) அங்கேதான் பாடமாகிறது, அல்லது ஆகாமல் போகிறது. மதிப்பெண் அட்டை வரும் நாளில் "அவன் எவ்வளவு" என்று கேட்பதை நிறுத்துங்கள். வகுப்பில் யாரும் பேசாத பிள்ளை யார், நீ அவனோடு சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.